கீரி முடி வேண்டாம், ஒரு பட்டை பிரஷ் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகள் இயற்கைக் காட்சி வரையப் பழகுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் ஓவியத்துக்கு ஒரு பக்கம் கிடைத்ததே பெரிய காரியம், அதற்கு நன்றி. ஆனால் அதில் இரண்டு விஷயம் எனக்கு ஒப்பவில்லை. நீர்வண்ணத்துக்குக் கீரி முடிப் பிரஷ்தான் சிறந்தது என்று எழுதியிருந்தது ஒன்று. பூஜ்யம் நம்பரிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் வரை ஒரு செட் பிரஷ் வாங்கி, பென்சிலால் முழுப் படத்தையும் வரைந்துவிட்டு, கோட்டைத் தாண்டாமல் வண்ணம் நிரப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தது இன்னொன்று. முதலாவது சட்டப்படியே தப்பு. இரண்டாவது சட்டத்தில் வராது, ஆனால் அப்படிப் பழகும் பிள்ளை விடுமுறை முடிவதற்குள் பிரஷ்ஷைப் பரணில் போட்டுவிடும்.

கீரி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரி பாதுகாக்கப்பட்ட பிராணி. அதன் முடியில் பிரஷ் செய்வது, விற்பது, வாங்கி வைத்திருப்பது எல்லாமே குற்றம். பிரஷ்ஷுக்கு ஆகும் முடியைக் கீரியை உயிரோடு விட்டு எடுப்பதில்லை, கொன்றுதான் எடுக்கிறார்கள். 2019 அக்டோபரில் வனவிலங்குக் குற்றத் தடுப்புத் துறையினர் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்திக் கீரி முடிப் பிரஷ்களைப் பிடித்தார்கள். பிரஷ் தொழிலுக்குப் பெயர் போன ஊர் உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட். அங்கேயும் இந்தப் பிரச்சினை பழையதுதான். பழைய ஓவியப் புத்தகங்களில் கீரி முடியைப் புகழ்ந்திருப்பார்கள். கட்டுரையாளர் அங்கேயிருந்து எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். கடையில் யாராவது 'ஒரிஜினல் ஹேர்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி ஒரு பிரஷ்ஷை எடுத்துக் காட்டினால் முடியை உற்றுப் பாருங்கள். கீரி முடி ஒரே நிறமாக இருக்காது, கறுப்பும் வெளிறலும் மாறி மாறி வரும். கீரி குறுக்கே போனால் போன காரியம் கைகூடும் என்பார் என் அம்மா. ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் அது ஓடுவதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம்தான்.

சரி, கீரி முடி இல்லாமல் எதில் வரைவது? என் பதில் நைலான். அதிலும் ஒன்றரை அங்குலம் அல்லது இரண்டு அங்குலம் அகலமான பட்டை பிரஷ். ஒன்றே ஒன்று போதும்.

நான் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் சைன்போர்டு எழுதிப் பிழைத்தவன். கடைப் பலகை, பஸ் நெற்றி, தேர்தல் சுவர், கோவில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் துணித் தட்டி, குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்துக்குப் பெயர், எல்லாம் எழுதியாயிற்று. ஃப்ளெக்ஸ் வந்தது, அந்த வேலை போயிற்று. பட்டை பிரஷ் பிடிக்கிற பழக்கம் மட்டும் கையில் தங்கிவிட்டது. போர்டு எழுதுகிறவனுக்கு 'க'வின் படுக்கைக் கோடு ஒரே இழுப்பு. எனாமலில் மேலே இன்னொரு இழுப்பு போட்டால் தடம் தெரியும், முதலாளி காசைக் குறைப்பார். எனாமலையும் டர்பன்டைனையும் விட்டு நீர்வண்ணத்துக்கு வந்தபோது அங்கேயும் சட்டம் இதேதான் என்று தெரிந்தது. போட்ட இடத்தைத் திரும்பத் தொட்டால் வண்ணம் கலங்கிச் சேறாகிவிடும். ஆக, ஓவியர்கள் பாடுபட்டுக் கற்கிற ஒரு விஷயத்தைக் கடைத்தெரு எனக்கு முன்னாலேயே கூலி கொடுத்துக் கற்றுத் தந்திருக்கிறது.

இப்போது நைலானின் குணம். உயர்ந்த பிரஷ் என்றால் வெளிநாட்டில் 'கோலின்ஸ்கி சேபிள்' என்பார்கள். அது சைபீரியப் பக்கத்து மரநாய் வகைப் பிராணி ஒன்றின் வால் முடி. விலையைக் கேட்டால் நம் ஊரில் ஒரு வீட்டு மளிகைக் கணக்கு வரும். மிருக முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு; அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். நைலான் இழை வழுவழுப்பானது. தண்ணீரைக் குறைவாகத்தான் பிடிக்கும், பிடித்ததையும் குடத்தைச் சாய்த்த மாதிரி சட்டென்று கொட்டிவிடும். இதைத்தான் எல்லோரும் குறை என்கிறார்கள். சின்ன ரவுண்டு பிரஷ்ஷில் அது குறைதான், இரண்டு கோடு போடுவதற்குள் வற்றிவிடும். ஆனால் இரண்டு அங்குல அகலத்தில் அத்தனை இழை சேரும்போது ஒரு வானத்துக்குப் போதுமான தண்ணீர் அதில் நின்றுவிடுகிறது. மேலும் நைலானுக்கு ஒரு துள்ளல் உண்டு. அழுத்தினால் வளையும், விட்டால் நிமிரும். ஓரம் உளி மாதிரி கூர்மையாகவே நிற்கும். ஆட்டு முடியில் செய்த அகலப் பிரஷ்ஷும் கிடைக்கிறது, தண்ணீர் நிறையக் குடிக்கும், ஆனால் நனைந்தால் தொய்ந்து போகும். தென்னை மரத்தின் தடியை அதில் இழுக்கச் சொன்னால் எனக்குக் கை வராது.

கொட்டுகிற பழக்கத்துக்கு மருந்து இடது கையில் ஒரு பழைய துணி. வண்ணத்தில் முக்கியதும் பிரஷ்ஷின் நுனியைத் துடைக்கக் கூடாது. இழைகள் தகரப் பட்டையோடு சேரும் அடிப்பாகத்தைத் துணியில் ஒருமுறை தொட வேண்டும். மிச்சத் தண்ணீர் அங்கே இறங்கிவிடும், வண்ணம் நுனியில் நிற்கும். இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதிப் பிள்ளைகளின் அழுகை நின்றுவிடும்.

ஒரு பட்டை பிரஷ்ஷில் மூன்று பிரஷ் இருக்கிறது. முகத்தைப் படுக்க வைத்து இழுத்தால் வானம், வயல், சுவர். ஓரத்தை நிறுத்தி இழுத்தால் தென்னந்தடி, மின்கம்பம், வள்ளத்தின் விளிம்பு, தண்ணீர்க் கோடு. மூலையால் தட்டினால் இலை, கல், தூரத்து ஆள். இதைவிடச் சின்னதாக ஏதாவது வரைய வேண்டும் என்று தோன்றினால் அது படத்துக்குத் தேவைதானா என்று யோசிப்பேன். பெரும்பாலும் தேவைப்படாது. பிரஷ்ஷே மறுக்கிறதால் இலையை எண்ணி வரைகிற ஆசை தானாகப் போய்விடுகிறது. லூஸாக வரைவது என்று ஓவியர்கள் சொல்வது இதைத்தான். அவசரமாக வரைவதாக அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எதை விடுவது என்று யோசிக்கிற நேரம்தான் அதில் அதிகம்.

கட்டுரையில் உதாரணமாக ஒரு பனிமலையும் பைன் மரமும் வரையச் சொல்லியிருந்தார்கள். நம் பிள்ளைக்கு எதற்குப் பைன் மரம்? தேரூர் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்துக்கு 2022-இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது உங்கள் பத்திரிகையிலும் வந்தது. ஐப்பசி மாதம், பிற்பகல். காலையில் வெளிறிக் கிடந்த வானத்தில் மலைப் பக்கம் மேகம் ஏறத் தொடங்கியிருக்கும். குளத்தில் தாமரை இலை, அந்தக் கரையில் தென்னை வரிசை, அதற்கும் பின்னால் மலைத்தொடர். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். பாதி மூடினால் இலையும் ஓலையும் போய்விடும், நாலைந்து பட்டைதான் மிஞ்சும். மேலே வெளிச்சப் பட்டை, அதன் கீழே நீலச் சாம்பல் பட்டை, அப்புறம் இருட்டுப் பச்சை, அப்புறம் மறுபடி வெளிச்சம். அவ்வளவுதான் படம். பென்சிலில் கரை எங்கே, மலை எங்கே என்று இரண்டு கோடு போட்டால் போதும்.

பலகையைத் தலைப் பக்கம் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, முதலில் வெறும் தண்ணீரால் வானப் பகுதியை முழுக்க நனைக்க வேண்டும். தாள் பளபளவென்று இருக்கும்போது அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்த மழைச் சாம்பலை மூன்று நான்கு அகல இழுப்பாகப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டு நிறத்தையும் தட்டில் முழுக்கக் கலக்கக் கூடாது. அரைகுறையாகக் கலந்தால் தாளில் பிரிந்து, ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் செம்மண் வாடையோடும் நிற்கும். அல்ட்ராமரினின் துகள் தாளின் குழிகளில் போய் உட்காரும். மழை மேகத்தின் சொரசொரப்பு சும்மா கிடைக்கும். மேகம் தானாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அப்போது வேலை. அங்கே வெளிச்சம் வேண்டுமென்றால் பிரஷ்ஷைக் கழுவி, பிழிந்து, ஈரப்பதம் மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றி எடுக்கலாம். பிழிந்த நைலான் வண்ணத்தை நன்றாக உறிஞ்சி எடுக்கும், மேகத்துக்கு வெள்ளை விளிம்பு கிடைக்கும்.

அடுத்தது மலை. இதில் நேரம் முக்கியம். தாளின் பளபளப்பு போய் மங்கல் வரும் வேளை ஒன்று உண்டு. அப்போது மலையை ஒரே இழுப்பாகப் போட்டால் மேல் விளிம்பு மேகத்தோடு கரைந்து நிற்கும். பளபளப்பு இருக்கும்போதே போட்டால் மலை ஓடி வானத்தில் ஏறிவிடும். ரொம்பக் காய்ந்த பிறகு போட்டால் அட்டையில் வெட்டி ஒட்டினதாகத் தெரியும். மங்கலில் போடும்போது பிரஷ்ஷில் தாளைவிடத் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும், கூடினால் பின்னோக்கிப் பாய்ந்து ஓரம் பூத்துவிடும். தூரத்து மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் நடுவிலிருக்கிற காற்றும் ஈரமும்தான், மலை பச்சைதான் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் வண்ணம் நீலமாகவே போடட்டும். இன்னொன்று, நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரிகிற மலை காய்ந்ததும் காணாமல் போகும். ஒரு பங்கு கூட அழுத்தமாகவே போட வேண்டும்.

தென்னை வரிசையைத் தாள் காய்ந்த பிறகுதான் போடுவேன். இருட்டுப் பச்சையில் பிரஷ்ஷின் முகத்தால் அடிவாரப் புதரை ஒரு கொத்தாகப் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே ஓரத்தை நிறுத்தி அதிலிருந்து மேலே தள்ளினால் தடி வளர்ந்துவிடும். தென்னை நேராக வளராது, குளத்தின் பக்கம் சாயும், கையும் அப்படியே சாயட்டும். ஓலைக்கு நுனியிலிருந்து நாலைந்து வெட்டு. எல்லா மரத்துக்கும் ஓலை வேண்டாம், மூன்றுக்குப் போட்டால் மீதியைக் கண்ணே போட்டுக்கொள்ளும். குளத்துக்கு அதே வானச் சாம்பலை இன்னும் நீர்த்து, மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும், அது தண்ணீரில் விழும் வானத்தின் நிழல். காய்ந்ததும், பிழிந்த பிரஷ்ஷின் ஓரத்தால் குறுக்கே ஒரே ஒரு வெளிச்சக் கோடு ஒற்றி எடுத்தால் தண்ணீர் படுத்துவிடும். இரண்டு கோடு எடுத்தால் தரை மாதிரி ஆகிவிடுகிறது, ஏன் என்று தெரியவில்லை. நாரையும் கூழைக்கடாவும் அங்கே நிறைய வரும். ஒன்றிரண்டைப் பிரஷ் படாத வெள்ளைத் தாளாகவே விட்டுவிடலாம்.

வெள்ளை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான், வெள்ளை டியூபை நான் தொடுவதில்லை. ஆனால் இன்றைய வெள்ளைப் பெயிண்டில் பெரும்பாலானதற்கு அடிப்படை டைட்டானியம். அந்த டைட்டானியம் கிடைக்கிற இல்மனைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. நான் அடித்த எத்தனை கடைப் பலகையின் வெள்ளைப் பின்புலத்தில் நம் ஊர் மணல் இருந்ததோ!

ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் எல்லா இடத்திலும் தாள் ஒரே மாதிரி காயாது. இதை எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்லாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. அங்கே உட்கார்ந்து வானத்தை நனைத்தால், மேல் பாதியிலிருந்து கீழ்ப் பாதிக்கு வருவதற்குள் மேல் பாதி காய்ந்திருக்கும். அங்கே சின்னப் பிரஷ்ஷோடு போனால் கதை முடிந்தது. இரண்டு அங்குல பிரஷ் இருந்தால் நாலே இழுப்பில் வானத்தை முடித்துவிடலாம். காற்றாலைத் தூணுக்குப் பிரஷ்ஷின் ஓரம் ஒரு முறை, இறக்கைக்கு மூன்று முறை. மணக்குடிக் காயலில் இதற்கு நேர் எதிர். பழையாறு கடலில் சேரும் இடம், காலையில் உப்புக் காற்றின் ஈரம். வானம் போட்டுவிட்டுக் கட்டன் சாயா குடித்துவிட்டு வந்தாலும் தாள் பளபளத்துக்கொண்டே இருக்கும். மலையும் கரையும் கரைந்து ஒன்றாகிற படத்துக்கு அந்த இடம்தான் சரி. முட்டத்தில் பாறை மேல் உட்கார்ந்தால் காற்றில் மணல் வந்து ஈர வண்ணத்தில் ஒட்டும். நான் தட்டிவிடுவதில்லை, காய்ந்ததும் தானே உதிரும், உதிர்ந்த இடத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் நிற்கும். அலைக்கு அங்கே வேறு ஒரு வித்தை. கிட்டத்தட்ட வறண்ட பிரஷ்ஷைச் சொரசொரப்புத் தாளில் படுக்கையாகவும் வேகமாகவும் இழுத்தால் மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டும், குழிகளில் வெள்ளை மின்னும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும், நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாவிட்டால் லூஸ் படத்துக்கு உயிர் கிடையாது. பத்து மணிக்கு முன், நாலு மணிக்குப் பின், அவ்வளவுதான் நேரம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பிள்ளைகள் வரைவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு கோடு கிழித்து, உள்ளே சாம்பல் நிரப்பி, மூன்றாவது தூணிலேயே சலித்துப்போவார்கள். 28 தூண், உயரமானது 115 அடி. பட்டை பிரஷ் இருந்தால் ஒரு தூண் ஒரே இழுப்பு. முகத்தின் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் அதிக வண்ணம் எடுத்துக்கொண்டு இழுத்தால் வெயில் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே இழுப்பில் விழுந்துவிடும். போர்டு எழுதுகிறவர்கள் எழுத்துக்கு ஷேடு கொடுப்பது இப்படித்தான். தூரம் போகப் போகப் பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பி ஓரத்துக்குக் கொண்டுவந்தால் தூண் மெலிந்துகொண்டே போகும். கீழே பறளியாறும் ரப்பர் மரங்களும் ஒரு பச்சைக் கலங்கலாக இருந்தால் போதும், பாலம் நிமிர்ந்து நிற்கும்.

பச்சை என்றால் கடைப் பச்சை வேண்டாம். லெமன் மஞ்சளில் துளி நீலம் சேர்த்தால் நாற்றங்கால், யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள் கூடினால் கதிர் முற்றிய வயல். நம்மிடம் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். புரட்டாசியை ஒட்டி ஒரு முறையும் மாசியை ஒட்டி ஒரு முறையும் வயலின் நிறம் மஞ்சளுக்கு மாறும். ஜனவரியில் ரப்பர் இலை உதிர்ந்து செம்பு நிறத்தில் தளிர் விடும்போது திருவட்டார், குலசேகரம் பக்கம் போய்ப் பாருங்கள், பர்ன்ட் சியன்னா டியூப் தீர்ந்துவிடும். பூச்சந்தைக்குப் பெயர் போன தோவாளைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், பூவை நான் வரைவதில்லை. பட்டை பிரஷ்ஷில் பிச்சிப்பூ வராது.

இப்போது என் மனத்தாங்கல். என் பேத்தி எட்டாம் வகுப்பு. ஒரு போட்டியில் 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அவள் வேளிமலையில் மழை இறங்குவதை என் பிரஷ்ஷால் போட்டாள். நடுவர் பக்கத்தில் வந்து நின்று, "இதில் வீடு எங்கே, மரத்துக்கு அவுட்லைன் எங்கே, பாதித் தாள் வெறுமையா இருக்கே?" என்று கேட்டிருக்கிறார். பரிசு, ஸ்கெட்ச் பேனாவால் கறுப்பு விளிம்பு கட்டின திருவள்ளுவர் சிலைக்குப் போனது. பரிசு போனதில் வருத்தமில்லை, அந்தப் பையனும் நன்றாகத்தான் வரைந்திருந்தான். ஆனால் இவள் வீட்டுக்கு வந்து, "பாட்டா, இனி நானும் விளிம்பு கெட்டியே வரையியேன்" என்றாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. "மக்ளே, மழைக்கு யாரு விளிம்பு கெட்டினா?" என்று கேட்டேன். சிரித்தாள், ஆனால் அடுத்த படத்தில் விளிம்பு இருந்தது.

போட்டிகளில் தலைப்பும் மாறுவதில்லை. திருவள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, சூரிய உதயம், காற்றாலை. எல்லாம் வகுப்பறைக்குள் உட்கார்ந்து, நினைவிலிருந்தும் முன்னால் பார்த்த படத்திலிருந்தும். ஜன்னலுக்கு வெளியே மலை நிற்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கட்டுரையாளர் சொன்ன கோடும் நிரப்பலும் இந்தப் பழக்கத்துக்குத்தான் இன்னும் உரம் போடும். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் நவீன ஓவியத்துக்குப் பெயர் பெற்றவர். அவரும் இளமையில் நீர்வண்ண நிலக்காட்சிகளில்தான் கை பழகினார். தென்னையும் தண்ணீரும் நமக்குப் பைன் மரத்தைவிடக் குறைந்த பாடம் இல்லை.

செலவைப் பற்றிக் கட்டுரையில் வந்த கணக்கு பெற்றோரைப் பயமுறுத்தும். உண்மையில் இவ்வளவுதான்: ஒன்றரை அங்குல நைலான் பட்டை பிரஷ் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். பெயிண்ட் கடையில் சுவருக்கு விற்கிற பன்றி முடிப் பிரஷ்ஷை மட்டும் வாங்க வேண்டாம், தாளில் கீறும், முடியும் உதிரும். வண்ணம் ஐந்து டியூப்: அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், லெமன் மஞ்சள், ஒரு சிவப்பு. காசைச் செலவழிக்க வேண்டிய இடம் தாள். சாதா டிராயிங் நோட்டில் தண்ணீர் பட்டால் சுருங்கி, குழியில் வண்ணம் தேங்கும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாள் ஒன்று வாங்கி நாலாகக் கிழித்துக்கொள்ளலாம், பின்பக்கத்தையும் பயன்படுத்தலாம். கட்டுப்படியானால் பருத்தித் தாள், அது ஈரத்தை நெடுநேரம் தாங்கும். புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதத்திலும் போட்டுப் பார்த்திருக்கிறேன், முரட்டுத் தாள், வறண்ட பிரஷ்ஷுக்கு அருமை. நம் ஊர் மழைக்காலத்தில் தாளைத் திறந்து வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் மேல்பூச்சு கெட்டு, வண்ணம் போட்ட இடத்தில் மை ஒற்றும் தாளில் பட்ட மாதிரி புள்ளி விழும். பாலிதீன் உறையில் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைக்கலாம். தாளை ஒட்ட நான் பயன்படுத்துவது ஃப்ளெக்ஸ் கடையில் மிஞ்சுகிற சன்போர்டு என்கிற நுரை அட்டைத் துண்டு. என் பிழைப்பை எடுத்தவர்கள் கொடுக்கிற நஷ்டஈடு என்று வைத்துக்கொள்கிறேன்.

பிரஷ்ஷுக்குப் பராமரிப்பு பெரிதாக எதுவும் இல்லை. டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைக்கக் கூடாது. இழை வளையும், கைப்பிடி மரம் ஊறி வார்னிஷ் உரியும். கழுவி, விரலால் நுனியை நேராக்கிப் படுக்கப் போட்டால் சரி. நுனி வளைந்துபோனால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி நேராக்கினால் நைலான் பழைய நிலைக்கு வரும்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்டுக்கொள்வது மூன்று. கீரி முடி பற்றிய அந்த வரிக்கு அடுத்த ஞாயிறே ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு எந்தத் தகப்பனாவது கடையில் போய்க் கேட்டுவிடக் கூடாது. நவம்பர் 1 மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள், பள்ளிகளில் ஓவியப் போட்டி வைக்க அது நல்ல சமயம், ஐப்பசி மேகமும் இருக்கும். இந்த முறை பிள்ளைகளைக் குளத்தங்கரைக்கோ பள்ளி மைதானத்துக்கோ கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு பட்டை பிரஷ்ஷும் அரை மணி நேரமும் கொடுத்துப் பார்க்கும்படி ஆசிரியர்களைக் கேட்டு எழுதுங்கள். தக்கலை வட்டாரத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் பிரஷ் பிடிக்கக் காட்டிக்கொடுக்க நான் வருகிறேன், கூலி வேண்டாம், சாயா போதும். மூன்றாவது, அந்தப் படங்களை வெளியிட உங்களுக்கு மனம் வந்தால் தயவு செய்து வண்ணப் பக்கத்தில் போடுங்கள். உள்பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் அடித்தால், பாதித் தாள் வெறுமையாக இருக்கிறது என்று அந்த நடுவர் மறுபடியும் சொல்வார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பழைய சைன்போர்டு ஓவியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.